ஏர்பஸ்ஸுக்கு மூன்று நாள், செஸ்னாவுக்கு எட்டு ஆண்டு: பயிற்சி விமானங்களும் நம் பிள்ளைகளும்

2025 நவம்பர் 29, சனிக்கிழமை. வளைகுடாவுக்கும் மும்பைக்கும் டெல்லிக்கும் கிளம்ப வேண்டிய பலருடைய கைப்பேசிக்கு "உங்கள் விமானம் தாமதமாகலாம்" என்று விமான நிறுவனங்களிடமிருந்து தகவல் வந்தது. புயலோ வேலைநிறுத்தமோ காரணம் அல்ல. ஏர்பஸ் ஏ320 வகை விமானங்களின் கட்டுப்பாட்டுக் கணினியில் ஒரு மாற்றம் செய்தாக வேண்டும், செய்யாமல் ஒரு விமானமும் மேலே ஏறக்கூடாது என்று உத்தரவாகிவிட்டது.

விஷயம் ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்கியது. அக்டோபர் 30 அன்று மெக்சிகோவின் கான்கூனிலிருந்து அமெரிக்காவின் நியூவார்க்குக்குப் பறந்த ஜெட்புளூ நிறுவனத்தின் ஏ320, விமானி எதுவும் செய்யாமலே திடீரென்று மூக்கைக் கீழே சாய்த்து உயரம் இழந்தது. விமானம் டாம்பாவில் இறக்கப்பட்டது. பயணிகள் சிலர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஆராய்ந்தபோது சந்தேகம் 'எலாக்' என்ற கணினியின் மேல் விழுந்தது. ஏ320-இல் விமானி கைப்பிடியை அசைத்தால் அந்த அசைவு கம்பி வழியாக வாலுக்குப் போவதில்லை. கணினி அதைக் கணக்குப் போட்டு, எலிவேட்டருக்கும் ஐலரானுக்கும் கட்டளை கொடுக்கிறது. சூரியனிலிருந்து வரும் கடுமையான கதிர்வீச்சு அந்தக் கணினியின் தரவைச் சிதைக்கக்கூடும், புதிதாகப் போட்ட மென்பொருளில் அதற்கான தடுப்பு போதவில்லை என்று ஏர்பஸ் சொன்னது. நவம்பர் 28-இல் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை அவசர உத்தரவு போட்டது. உலகம் முழுக்க சுமார் 6000 விமானங்கள், இந்தியாவில் 338. நம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) அதைக் கட்டாய மாற்றமாக அறிவித்தது.

பெரும்பாலான விமானங்களில் செய்ய வேண்டியது, பழைய மென்பொருளுக்குத் திரும்புவதுதான். ஒரு விமானத்துக்கு இரண்டு மூன்று மணி நேர வேலை. இண்டிகோ, ஏர் இந்தியா, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் மூன்றும் இரவு பகலாகப் பொறியாளர்களை இறக்கின. ஞாயிறு, திங்களுக்குள் வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. பயணிகளுக்கு ஒரு மணி, ஒன்றரை மணி தாமதம். அவ்வளவுதான்.

இந்தச் செய்தியை நாளிதழ்கள் 'பயணிகள் அவதி' என்று எழுதி முடித்துக்கொண்டன. நமக்கு அதில் வேறொன்று தெரிகிறது. 338 விமானத்தை மூன்று நாளில் சரிசெய்ய வைத்தது 'கட்டாயம்' என்ற சொல். அந்தச் சொல் இல்லாதபோது என்ன ஆகிறது என்பதற்கும் அதே ஆண்டில் நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் கிடைத்தது.

ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விழுந்த ஏர் இந்தியா 171-ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். விமானத்தில் இருந்த 241 பேரும் தரையில் 19 பேரும், ஆக 260 உயிர். தப்பியவர் ஒரே ஒருவர். ஜூலை 12-இல் வந்த முதற்கட்ட விசாரணை அறிக்கை, விமானம் மேலெழுந்த சில நொடிகளில் இரண்டு எஞ்சின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒன்றன்பின் ஒன்றாக 'நிறுத்து' நிலைக்குப் போனதைப் பதிவு செய்தது. அதே அறிக்கையில் இன்னொரு தகவலும் இருந்தது. அந்தச் சுவிட்சுகள் தவறி நகராமல் பிடித்து வைக்கும் பூட்டு சில போயிங் விமானங்களில் சரியாக வேலை செய்யாமல் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்.ஏ.ஏ. 2018 டிசம்பரிலேயே ஒரு குறிப்பு அனுப்பியிருந்தது. ஏர் இந்தியா அந்தச் சோதனையைச் செய்யவில்லை. ஏனென்று கேட்டதற்கு நிறுவனம் சொன்ன பதில்: அது ஆலோசனைதான், கட்டாயம் இல்லை.

இங்கே நிதானம் வேண்டும். பூட்டுப் பழுதுதான் விபத்துக்குக் காரணம் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. விபத்துக்குப் பின் ஏர் இந்தியா தன் மற்ற போயிங் விமானங்களைச் சோதித்தபோது பூட்டில் குறை எதுவும் காணவில்லை என்றும் அறிவித்தது. நம் கேள்வி வேறு. 2018-இல் 'பார்த்தால் நல்லது' என்று இருந்த அதே சோதனை, 2025 ஜூலை 14-இல் 'ஜூலை 21-க்குள் முடித்தாக வேண்டும்' என்று டிஜிசிஏ உத்தரவாக வந்தது. ஆறரை ஆண்டு கிடந்த வேலைக்கு ஒரு வாரம் போதுமாக இருந்தது.

விமானத் தொழிலில் இந்த இரண்டு வகைக் காகிதங்களும் தினமும் வந்துகொண்டே இருக்கும். விமானத்தைச் செய்த நிறுவனம், 'இந்தப் பாகத்தில் இப்படி ஒரு கோளாறு கண்டோம், இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்' என்று அனுப்புவதைச் சர்வீஸ் புல்லட்டின் என்பார்கள். அது எவ்வளவு முக்கியமாக இருந்தாலும் பொதுவாக அறிவுரைதான். அதையே ஒரு நாட்டின் விமானப் பாதுகாப்பு அமைப்பு எடுத்து உத்தரவாக்கினால் அதன் பெயர் ஏர்வொர்தினஸ் டைரக்டிவ், சுருக்கமாக 'ஏடி'. ஏடி வந்துவிட்டால் பேச்சே இல்லை. குறித்த நாளுக்குள், அல்லது குறித்த மணிநேரப் பறத்தலுக்குள் வேலையை முடித்துப் பதிவேட்டில் பொறியாளர் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் அந்த விமானம் பறக்கத் தகுதியற்றது. நம் நாட்டில் டிஜிசிஏ விதிகளின் இரண்டாம் பிரிவில் 'எம்' வரிசை, கட்டாய மாற்றங்களுக்கும் கட்டாயச் சோதனைகளுக்கும் என்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் செய்த விமானத்துக்கு எஃப்.ஏ.ஏ. போடும் ஏடி, இங்கே பறக்கும் அதே வகை விமானத்துக்கும் பொருந்தும்.

பெரிய விமானங்களை இத்துடன் விட்டுவிடலாம். அவற்றைக் கவனிக்க உலகமே இருக்கிறது. நாம் சொல்ல வந்தது, நம் பிள்ளைகள் ஏறும் சின்ன விமானங்களைப் பற்றி.

தி.நகரிலும் அடையாறிலும் பைலட் படிப்புக்கு ஆள் சேர்க்கும் ஆலோசனை மையங்களின் பலகைகளை இன்று சாதாரணமாகப் பார்க்கலாம். கடல் பக்கமிருந்து மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானங்களை மயிலாப்பூர், அடையாறு மொட்டை மாடிகளில் நின்று பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த ஆசை வருவதில் வியப்பில்லை. நம் சமுதாயத்துக்கும் அது புதிதல்ல. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த இராமேசுவரத்து அப்துல் கலாம், விமானப்படையில் விமானியாக விரும்பி நேர்முகத் தேர்வுக்கு டேராடூன் வரை போனவர். எட்டு இடங்கள், இவர் ஒன்பதாவது. இன்று அந்த ஆசைக்கு விலை கூடிவிட்டது. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். எல்லாம் சேர்த்து அரைக் கோடி ரூபாய்க்குக் குறையாது. வங்கிக் கடனின் வட்டிக்கு அஞ்சி நிலத்தையும் உம்மாவின் நகையையும் விற்றுக் கட்டும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அப்படிக் கட்டும் வாப்பாமார்கள் வேலை கிடைக்குமா என்று கேட்கிறார்கள், விடுதியில் ஹலால் சாப்பாடு உண்டா என்று கேட்கிறார்கள். பிள்ளை ஏறப்போகும் விமானத்தின் வயது என்ன என்று கேட்பவர் குறைவு.

கேட்க வேண்டிய காலம் இது. ஏர்பஸ் பரபரப்புக்குச் சுமார் இரண்டு வாரத்துக்கு முன், நவம்பர் 13-இல், சேலத்திலிருந்து கிளம்பிய ஒரு செஸ்னா பயிற்சி விமானம் திருச்சி - புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில் நார்த்தாமலை அருகே அவசரமாக இறங்கியது. உள்ளே இருந்த இருவரும் தப்பினார்கள், அல்ஹம்துலில்லாஹ். சாலையில் அந்த நேரம் பேருந்து எதுவும் எதிரே வராததும் நல்லதாகப் போயிற்று. தொலைக்காட்சியில் அது ஒரு நாள் வேடிக்கை. மக்கள் செல்ஃபி எடுத்தார்கள், பிறகு மறந்தார்கள்.

செஸ்னா 152, 172 என்பவை உலகம் முழுவதும், இந்தியப் பறக்கும் பள்ளிகளிலும், நெடுங்காலமாகப் பழகிய விமானங்கள். இவற்றில் எலாக் கணினி எல்லாம் கிடையாது. விமானி பிடித்திருக்கும் கைப்பிடியிலிருந்தும் கால்மிதியிலிருந்தும் எஃகுக் கம்பிகள் கப்பிகளின் மேல் ஓடி இறக்கைக்கும் வாலுக்கும் போகின்றன. கைப்பிடியை இழுத்தால் கம்பி இழுபடும், வாலில் உள்ள எலிவேட்டர் மேலே திரும்பும், மூக்கு உயரும். காலை மிதித்தால் வாலில் நிமிர்ந்து நிற்கும் சுக்கான் திரும்பும். கிணற்று ராட்டினத்தைப் பார்த்தவருக்கு இதில் புரியாதது ஒன்றும் இல்லை. எளிமைதான் இதன் பலம். கம்பி தேயும், கப்பி இறுகும், போல்ட் தளரும், ஆனால் ஒரு நல்ல பொறியாளர் கையால் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். தொட்டுப் பார்க்கிறாரா என்பதுதான் எல்லாமே.

இப்படிப்பட்ட எளிய விமானத்தில் கட்டாய உத்தரவு எப்படி வருகிறது என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும்.

முதலாவது இருக்கை. செஸ்னாவின் விமானி இருக்கை தண்டவாளம் போன்ற இரண்டு கம்பிகளின் மேல் முன்னும் பின்னும் நகரும். துளையில் ஓர் ஊசி விழுந்து அதைப் பிடித்து நிறுத்தும். ஆண்டுக்கணக்கில் நகர்த்தி நகர்த்தித் துளை தேய்ந்துவிட்டால் ஊசி நழுவும். அது ஓடுபாதையில் வேகமெடுத்து மூக்கு உயரும் நொடியில் நடந்தால், இருக்கை விமானியோடு சேர்ந்து பின்னால் ஓடும். விழப்போகிறவர் கையில் கிடைத்ததைப் பிடிப்பார். கிடைப்பது கைப்பிடி. அது முழுவதும் பின்னுக்கு இழுபட, விமானம் செங்குத்தாக மூக்கைத் தூக்கி, தூக்குவிசை இழந்து விழும். இப்படிப் பல விபத்துகள் நடந்த பிறகு 1987-இல் எஃப்.ஏ.ஏ. அந்தத் தண்டவாளத்தையும் ஊசியையும் திரும்பத் திரும்ப அளந்து பார்க்க உத்தரவு போட்டது. 2011-இல் அதைப் புதுப்பித்தது. 100 மணி நேரப் பறத்தலுக்கு ஒருமுறை அல்லது 12 மாதத்துக்குள் சோதித்தே ஆக வேண்டும். பார்த்தால் அற்ப விஷயம். நம் வீட்டுக் காரில் இருக்கை நழுவினால் திட்டிவிட்டு மெக்கானிக்கிடம் போவோம். அங்கே அது மரணம்.

இரண்டாவது சுக்கான். 1998 ஜூலையில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஒரு செஸ்னா 152-இல் ஆசிரியரும் மாணவரும் 'ஸ்பின்' பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். விமானம் சுழன்றுகொண்டே விழும் நிலையை வேண்டுமென்றே உண்டாக்கி, அதிலிருந்து மீள்வதுதான் அந்தப் பயிற்சி. மீள வேண்டுமானால் சுக்கானை எதிர்ப்பக்கம் மிதிக்க வேண்டும். அன்று விமானம் மீளவே இல்லை, விழுந்தது. சுக்கான் அளவுக்கு மேல் திரும்பாமல் தடுக்க இரண்டு சிறிய தடைகள் உண்டு. சுக்கான் அந்தத் தடையைத் தாண்டிப் போய் அங்கேயே சிக்கிக்கொண்டது என்று விசாரணையில் தெரிந்தது. எவ்வளவு பலமாக மிதித்தாலும் திரும்பி வராது.

2001 ஜனவரியில் செஸ்னா நிறுவனம் தடையைப் பெரிதாக்கி ஒரு மாற்றுப் பாகம் கொடுத்தது. சர்வீஸ் புல்லட்டின்தான், அறிவுரை. மாற்றியவர்கள் மாற்றினார்கள். 2005-இல் அமெரிக்காவின் ஓஹையோவில் அதே வகைச் செஸ்னா அதே மாதிரி சுழன்று விழுந்து இருவர் இறந்தார்கள். எஃப்.ஏ.ஏ.வின் கட்டாய உத்தரவு வந்தது 2009-இல். முதல் விபத்துக்குப் பதினோரு ஆண்டு, பாகம் கைக்குக் கிடைத்து எட்டு ஆண்டு. ஏர்பஸ்ஸுக்கு மூன்று நாள் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்த 2009 உத்தரவிலும் ஒரு கதவு திறந்தே இருந்தது. மாற்றுப் பாகத்தைப் பொருத்த வேண்டும். அல்லது, விமானி கண்ணில் படும்படி 'ஸ்பின் செய்யக்கூடாது' என்று ஒரு பலகை ஒட்டிவிட்டு, கையேட்டிலும் அதற்கேற்பத் திருத்தம் செய்தால் போதும். சிறிய பறக்கும் கிளப்புகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்பது காரணமாக இருக்கலாம். ஆனால் பயிற்சி விமானத்தில் தெரியாமல் சுழலில் விழுவதுதான் ஆபத்தே. இருபது வயது மாணவர் தவறாக மிதித்துச் சுழலில் விழும்போது, ஒட்டியிருக்கும் பலகை சுக்கானைத் திருப்பித் தராது. கட்டாயம் என்று பெயர் வைத்தாலும் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

பெரிய விமானத்திலும் இது நடந்திருக்கிறது. 2018 அக்டோபர் 29-இல் இந்தோனேசியாவில் லயன் ஏர் நிறுவனத்தின் போயிங் 737 மேக்ஸ் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். அதை ஓட்டிய கேப்டன் டெல்லிக்காரர். எம்கேஸ் என்ற தானியங்கி, தவறான ஒரு சென்சாரை நம்பி மூக்கைக் கீழே கீழே தள்ளியது. நவம்பரில் எஃப்.ஏ.ஏ. அவசர உத்தரவு போட்டது, ஆனால் இயந்திரத்தில் கை வைக்கச் சொல்லவில்லை. 'இப்படி ஆனால் விமானி இப்படிச் செய்ய வேண்டும்' என்று கையேட்டில் பக்கம் சேர்க்கச் சொன்னது. நான்கு மாதத்தில், 2019 மார்ச் 10 அன்று, எத்தியோப்பியாவில் அடுத்த மேக்ஸ் விழுந்தது. இன்னும் 157 பேர். அதன் பிறகுதான் உலகம் முழுவதும் மேக்ஸ் தரையில் நின்றது. இந்தியாவில் அது மீண்டும் பறக்க அனுமதி கிடைக்க 2021 ஆகஸ்ட் வரை ஆனது.

ஏன் சின்ன விமானத்துக்கு மட்டும் இத்தனை தாமதம்? விழுந்தால் இறப்பவர் ஒருவர் அல்லது இருவர். பெரும்பாலும் 'விமானியின் தவறு' என்று கோப்பு மூடப்படும். மாணவர் என்றால் அது இன்னும் எளிது. பத்துப் பன்னிரண்டு பழைய விமானங்களை வைத்து நடத்தும் பள்ளிக்கு, ஒரு விமானம் ஒரு வாரம் நின்றாலும் மாணவர்களின் பறக்கும் மணிநேரம் தள்ளிப்போகும், பெற்றோர் கோபப்படுவார்கள். அந்தக் கோபத்தில் நமக்கும் பங்கு உண்டு. 'பதினெட்டு மாதத்தில் முடித்துத் தருவோம்' என்று சொல்லும் பள்ளியைத்தானே நாம் தேடுகிறோம்?

டிஜிசிஏ சும்மா இருந்தது என்று சொல்வது நியாயமாகாது. 2023 அக்டோபரில் மகாராஷ்டிராவின் பாராமதி அருகே ஒரே வாரத்தில் ஒரே பள்ளியின் இரண்டு பயிற்சி விமானங்கள் விபத்துக்குள்ளானதும், அந்தப் பள்ளியின் பயிற்சியை நிறுத்தி வைத்தது. 2025 அக்டோபர் முதல் பறக்கும் பள்ளிகளுக்குத் தரவரிசையும் வெளியிடத் தொடங்கியிருக்கிறது. முதல் பட்டியலில் 35 பள்ளிகள். 'ஏ பிளஸ்', 'ஏ' தரத்தில் ஒன்றுகூட இல்லை. 13 பள்ளிகள் 'பி', 22 பள்ளிகள் 'சி'. அரைக் கோடி கட்டும் படிப்பில் நாட்டின் ஒரு பள்ளிக்குக்கூட முதல் தரம் கிடைக்கவில்லை என்பது நம் வீடுகளில் பேசப்பட வேண்டிய செய்தி. கல்லூரிச் சேர்க்கைக்கு நாக் தரம் பார்க்கிற நாம் இதைப் பார்த்தோமா?

விதி இருப்பதும் விதி நிற்பதும் வேறு வேறு என்பதை அதே டிசம்பர் காட்டியது. விமானிகளுக்கு வாரத்தில் 36 மணி நேரத்துக்குப் பதில் 48 மணி நேரத் தொடர் ஓய்வு, இரவில் தரையிறக்கங்களுக்குக் கடுமையான வரம்பு என்ற விதிகளில் எஞ்சியவை 2025 நவம்பர் 1 முதல் முழுமையாக அமலுக்கு வந்தன. டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. சென்னையிலும் மக்கள் பெட்டிகளோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். டிசம்பர் 5 அன்று டிஜிசிஏ இரவுப் பணி விதிகளிலிருந்து அந்த நிறுவனத்துக்குப் பிப்ரவரி 10 வரை விலக்குக் கொடுத்தது. ஒரு வாரத்துக்கு முன் கணினிக்கு ஒரு மணி நேரமும் விட்டுக்கொடுக்காத கட்டாயம், மனிதனின் தூக்கம் என்று வந்ததும் வளைந்துவிட்டது. ஐரோப்பாவிலிருந்து வந்த உத்தரவை இங்கே யாரும் வளைக்கவில்லை. நாமே போட்ட விதி என்றால் வளைக்கலாம் போலும்.

சென்னைக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாததல்ல. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஊரே கொதித்தது, உயர்நீதிமன்றம் தானே வழக்கை எடுத்தது, பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் வந்தன. இன்று ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பள்ளிப் பேருந்துகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, அதிகாரிகள் ஏறி இறங்கித் தரையை மிதித்துப் பார்க்கிறார்கள். ஒரு குழந்தையின் உயிர் போன பிறகு வந்த கட்டாயம்தான், ஆனால் அது நின்றுவிட்டது. காரணம், பெற்றோர் கேட்டார்கள்.

பறக்கும் பள்ளியிலும் கேட்கலாம். சேர்க்கைக்கு முன் போய்ப் பார்க்கும்போது விடுதி அறையைப் பார்த்த கையோடு ஹேங்கருக்கும் போங்கள். எத்தனை விமானம் இருக்கிறது, அதில் இன்று எத்தனை பறக்கிறது என்று எண்ணுங்கள். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் காரணம் கேளுங்கள். உதிரிபாகத்துக்காக ஒரு விமானத்தைப் பிரித்து இன்னொன்றில் போடுகிறார்களா என்று மாணவர்களிடம் விசாரியுங்கள், அவர்கள் மறைக்க மாட்டார்கள். பராமரிப்புப் பொறியாளர் பள்ளியிலேயே இருப்பவரா, வாரத்துக்கு ஒருநாள் வந்து கையெழுத்துப் போடுபவரா? ஒவ்வொரு விமானத்துக்கும் ஏடி பட்டியல் ஒன்று இருந்தே ஆக வேண்டும். எந்த உத்தரவு எந்தத் தேதியில் நிறைவேற்றப்பட்டது, அடுத்த சோதனை எப்போது என்று அதில் இருக்கும். செஸ்னா என்றால் இருக்கைத் தண்டவாளம் கடைசியாக எப்போது அளக்கப்பட்டது, 152 என்றால் சுக்கான் தடை மாற்றப்பட்டதா அல்லது பலகை மட்டும் ஒட்டியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நல்ல பள்ளி மகிழ்ந்து காட்டும். 'இதெல்லாம் உங்களுக்கு எதற்கு பாய்?' என்று சிரித்தால், முன்பணத்தைக் கட்டாமல் வந்துவிடுங்கள்.

பிள்ளைகளிடமும் ஒன்று சொல்லி அனுப்ப வேண்டும். விமானம் மேலே கிளம்புமுன் கட்டுப்பாடுகளை முழுவதும் அசைத்துப் பார்க்கும் சோதனை எல்லாப் பள்ளியிலும் பாடம். நூறு முறை சரியாக இருந்த பின் நூற்றோராவது முறை கை சும்மா பழக்கத்தில் அசையும், கண் பார்க்காது. பழுது பார்த்து வந்த விமானத்தில் கம்பி மாற்றிக் கட்டப்பட்டு, இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம் சாய்ந்த சம்பவங்கள் விமான வரலாற்றில் உண்டு. பறக்க மறுத்தால் அன்றைய மணிநேரம் போகும், ஆசிரியர் முகம் சுளிப்பார். 'எனக்குச் சரியாகப் படவில்லை' என்று சொல்லும் துணிச்சல் அந்தப் பிள்ளைக்கு வீட்டிலிருந்துதான் வர வேண்டும். கட்டிய பணத்தைச் சொல்லிச் சொல்லி அதை நாமே பறித்துவிடக் கூடாது.

அரசிடம் நாம் கேட்பதும் பெரிதல்ல. நம் தெருவில் ஓடும் ஒரு வேனின் எண்ணைப் பரிவாகன் தளத்தில் போட்டால் அதன் தகுதிச் சான்று எந்தத் தேதி வரை என்று தெரிந்துவிடுகிறது. பயிற்சி விமானங்களுக்கும், வாலில் 'விடி' என்று தொடங்கும் பதிவெண்ணைப் போட்டால் நிலுவையில் உள்ள கட்டாய உத்தரவுகள் எவை, முடித்தவை எவை என்று பெற்றோருக்குத் தெரியும்படி டிஜிசிஏ செய்யலாம். தகவல் எல்லாம் ஏற்கெனவே பதிவேடுகளில் இருக்கிறது. அடுத்த தரவரிசைப் பட்டியலோடு இதையும் வெளியிடும்படி நம் ஊர் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவையில் ஒரு கேள்வி எழுப்பினாலே வேலை தொடங்கிவிடும். தென்சென்னை, மத்திய சென்னை வாசகர்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு எழுதலாம்.